சுண்டைக்காயில் கட்டிய நூல்

சுண்டைக்காயைக் கடைசிக்கு விட்டதுதான் நான் செய்த முதல் தப்பு. தூதுவளை, கண்டங்கத்திரி, மணத்தக்காளி மூன்றையும் மெழுகில் புதைத்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, தோலிலிருந்து விதைவரை படம் வரைந்து முடித்திருந்தேன். என் பிஎச்.டி. ஆய்வுக்கு எடுத்த நான்கில் கடைசி இது. எங்கள் ஊர் மொரப்பூரில் எந்த வேலியோரம் நின்றாலும் தலையில் இடிக்கிற செடி. சுண்டைக்காய்தானே, எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

எனக்கு நாற்பத்து நான்கு வயது. தருமபுரியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கௌரவ விரிவுரையாளர். பெயரில்தான் கௌரவம். ஒவ்வொரு ஜூன் மாதமும் மறுபடி கூப்பிடுவார்களா என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிஎச்.டி. முடித்தால் நிரந்தர வேலைக்கு விண்ணப்பமாவது போடலாம். என் கைடு மே மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் அவர் கையெழுத்து வாங்காவிட்டால் வேறு கைடு தேட வேண்டும். தேடி முடிப்பதற்குள் என் பதிவுக் காலமே முடிந்துவிடும். ஏற்கெனவே இரண்டு முறை நீட்டித்தாயிற்று.

பிஞ்சிலிருந்து பழம் வரை ஐந்து பருவத்துக் காய்களைப் பறித்து, கெடாமலிருக்க பார்மலின் கலவையில் போட்டு வைத்திருந்தேன். பொங்கல் விடுமுறை முடிந்ததும் எடுத்து மெழுகில் ஏற்றிச் சீவினால், ஒன்றுகூட முழுசாக வரவில்லை. தோல் மட்டும் வளையமாக நின்றது. நடுவில் ஓட்டை. விதையெல்லாம் கழன்று விழுந்தது. நுண்ணோக்கியில் பார்த்த கைடு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உள்ள எல்லாம் கெட்டுப்போய்க் கெடக்கும்மா. இத வெச்சு என்னத்த எழுதறது?" என்றார். நான் மருந்தைக் குறை சொன்னேன், பிளேடைக் குறை சொன்னேன், மின்சாரம் போய்ப் போய் வந்ததையும் சொன்னேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்தானே.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சுண்டைக்காய்க் குழம்பு. டம்ளரின் அடியால் ஒவ்வொரு காயாக நசுக்கிக்கொண்டிருந்தேன். நசுக்காமல் போட்டால் கசப்பு வெளியே வராது, புளியும் உள்ளே இறங்காது. நாலைந்து காய் ஆனதும் கை அப்படியே நின்றுவிட்டது. அடக் கடவுளே! லேபில் முழுசு முழுசாக அல்லவா போட்டேன்! வெளியே மெழுகு பூசின மாதிரி தோல், அதற்கடியில் தடித்த சுவருள்ள செல்கள் அடுக்கடுக்காக. இதை நானே வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறேன். அதைத் தாண்டி மருந்து எப்படி உள்ளே போகும்? பக்கத்துக்கு ஒரு கீறல் போட்டிருந்தால் போதும். கண்டங்கத்திரி பெரிய காய் என்று பாதியாக வெட்டிப் போட்டேன். மற்ற இரண்டுக்கும் தோல் மெல்லிசு. இதை மட்டும் சின்னக் காய்தானே என்று அப்படியே போட்டிருக்கிறேன். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

விஷயத்தைக் கேட்ட வீட்டுக்காரர், "சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார். "வாய மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க" என்றேன்.

மறுபடி முதலிலிருந்து. கல்லூரிக்குப் பின்னால் நான் பறித்த செடியைச் சுற்றுச்சுவர் கட்டப் பிடுங்கிவிட்டார்கள். ஸ்டேஷன் ரோட்டில் ஓர் ஆட்டுப்பட்டியை ஒட்டி ஒரு செடி பூத்திருந்தது. ஒரே நாளில் விரிந்த பூங்கொத்துகளாகத் தேடி, காம்பில் கலர் நூல் கட்டினேன். சிவப்பு பிஞ்சுக்கு, நீலம் அடுத்ததற்கு, இப்படிப் பழம் வரை ஐந்து. காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது ஒரு பார்வை, சாயங்காலம் கால் கடுக்கத் திரும்பும்போது ஒரு பார்வை. நாள் வந்ததும் பறித்து, அங்கேயே கீறி, புட்டியில் போட்டுக்கொண்டு நடப்பேன். சலிப்பாக இருந்தது. இந்த வயதில் வேலியோரம் காய்க்குக் காவல்.

ஏப்ரலில் ஒரு நாள் போனால் செடி மொட்டை. கிட்டே போய்ப் பார்த்தால், நூல் கட்டிய கொத்து மட்டும் அப்படியே இருந்தது. பட்டிக்கார அம்மா ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டே, "கொழம்புக்கு நாந்தான் பறிச்சனுங்க டீச்சர். உங்க வேண்டுதல் காயத் தொடுவனா?" என்றார்.

"வேண்டுதல் இல்லைங்க, இது படிப்புக்கு."

"படிப்பு முடியணும்னுதான கட்டியிருக்கீங்க?"

யோசித்துப் பார்த்தால் அதுதானே உண்மை. "ஆமாங்க" என்றேன்.

இந்த முறை சீவல் கிழியவில்லை. இரண்டு அறை, நடுவில் பருத்த சதை, அதில் ஒட்டி நெருக்கமாக விதைகள். எல்லாம் இளஞ்சிவப்புச் சாயத்தில் இருந்த இடத்திலேயே இருந்தன. கைடு ஓய்வு பெற நான்கு நாள் இருக்கையில் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார். சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். தூக்கம்தான் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நூலை அவிழ்க்கப் போனேன்.

"ஆச்சுங்களா?" என்றார் அந்த அம்மா.

"ஆச்சுங்க."

"அப்ப அவுத்துடுங்க. நெறவேறிட்டா கட்டி வெக்கக் கூடாது."

ஐந்தையும் அவிழ்த்தேன். உள்கிளையில் மஞ்சள் கயிறு ஒன்று மீதியிருந்தது. அது நான் கட்டியதில்லை.

"அது எங்கயிறுங்க" என்றார். "நீங்க கட்டறதப் பாத்துட்டு நானும் ஒண்ணு கட்டுனேன். எம்மவ உங்க பாடந்தான் படிச்சிட்டு வூட்ல இருக்கறா. உங்களாட்டமே காலேஜு டீச்சராவணும்னு."

இப்போதே அவிழ்த்துவிடுங்கள் அம்மா என்று தொண்டைவரை வந்தது. ஜூன் பிறக்க ஒரு நாள்தான் இருந்தது. கைப்பையில் போன் இருந்தது. கல்லூரியிலிருந்து இதுவரை யாரும் கூப்பிடவில்லை.

"உங்களுதுதான் பலிச்சிருச்சே. எங்களுதும் பலிக்குமுங்களா?"

அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்வது? "பலிக்குமுங்க" என்றேன். கயிற்றின் முடிச்சு காற்றில் ஆடி ஆடித் தளர்ந்திருந்தது. அதை இறுக்கிக் கட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.