கரண்டி நிற்கும் கடல்

எனக்கு நாக்கில் சனி என்று அம்மா சொல்வாள். விரலிலும் இருக்கிறது என்பது அந்த வாரம்தான் தெரிந்தது.

பெயர் போடாமல் சினிமா விமர்சனம் எழுத ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் வைத்திருந்தேன். வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை. வேற்றுக் கிரகத்தில் நடக்கும் அந்தப் பெரிய படத்தை முதல் நாளே திருச்சியில் பார்த்துவிட்டு, கந்தர்வக்கோட்டை திரும்புகிற பஸ்ஸிலேயே எழுதினேன். காட்சிகள் மிரட்டல் என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள், எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தக் கிரகத்துக் கடல் ஆறிப்போன சவ்வரிசிப் பாயசம். கரண்டியை நட்டால் நிற்கும்." அம்மாவின் பாயசத்தை அப்பா கேலி செய்கிற வார்த்தை அது. பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் யார் யாரோ பகிர்ந்திருந்தார்கள்.

மறுநாள் தம்பி கூப்பிட்டான். சென்னையில் கிராபிக்ஸ் கம்பெனியில் வேலை. எந்தப் படம் என்று வெளியே சொல்லக்கூடாதென எழுதி வாங்கியிருந்தார்கள்.

"அக்கா, இப்பச் சொல்லலாம். அந்தக் கடல் நாங்க பண்ணதுதான். எட்டு மாசம். ஞாயித்துக்கெழம வாரேன், எல்லாரும் புதுக்கோட்டைல படத்தப் பாப்போம்."

உடனே பதிவை அழித்தேன். ஆனால் அந்த வரி அதற்குள் வாட்ஸ்அப்பில் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் நடத்தும் வகுப்பில் பாதிக் கணக்கைப் போர்டில் விட்டுவிட்டு ஃபோனை எடுப்பேன், வைப்பேன், மறுபடி எடுப்பேன். பேங்க் பரீட்சை எழுதச் சொல்லி அவனை நச்சரித்துக்கொண்டிருந்த அப்பா, ஞாயிற்றுக்கிழமை மகன் வேலையைப் பார்க்கப் புதுச் சட்டை போட்டுக் கிளம்பினார்.

திரையில் கடல் வந்தது. பின் வரிசையில் ஒருத்தன், "கரண்டிய எடுங்கடா" என்றான். தியேட்டரே சிரித்தது.

அப்பா திரும்பிப் பார்த்தார். "நம்ம வீட்டுப் பேச்சு இவனுக்கு எப்புடித் தெரியும்?"

தம்பி என் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரைக்குத் திரும்பிக்கொண்டான். எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

படம் முடிந்து பஸ் ஸ்டாண்டில் அப்பாவும் அம்மாவும் பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். நாங்கள் இருவரும் டீக்கடையில் நின்றோம்.

"ஒனக்கு எப்புடிக்கா இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுடா. அந்தக் கடலு அசல் கடல் மாதிரியே இருக்கு."

அவன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்.

"இதுக்கு நீ எழுதுனதே பரவால்லக்கா."