முடி கொட்டாத குட்டி

சுல்பிகாவுக்கு ஒரு நாய்க்குட்டியின் மேல் பொறாமை. குட்டியை அவள் இன்னும் கண்ணால் காணவில்லை. என்ன நிறம், ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. ஆனாலும் அதை நினைத்தால் வயிறு எரிந்தது.

சிரிக்க வேண்டாம். நாற்பத்தெட்டு வயதில், பேரப்பிள்ளை கண்டவளுக்கு நாயோடு என்ன போட்டி என்று கேட்கலாம். அவள் நிலையில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

சாய்ந்தமருதில் அவளுக்கு ஒரு நல்ல வீடு இருந்தது. கணவர் மவுத்தாகிப் போன பிறகு, தனி ஆளாய்த் தையல் மெஷினை மிதித்து மிதித்துப் பூசி முடித்த வீடு. மூத்த மகள் பஸ்மினாவின் கலியாணத்தோடு அதை அவள் பேருக்கே எழுதிக் கொடுத்தாயிற்று. இந்தக் கிழக்குக் கரையில் வழக்கம் அதுதான். மாப்பிள்ளை வீட்டுக்குள் வருவார், தாய் பின்பக்க அறைக்குப் போவாள். அதில் அவளுக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் முன்னறையில் மருமகன் ஸஜாத்தின் டிவி, ஸஜாத்தின் மீன் தொட்டி, ஸஜாத்தின் கூட்டாளிமார். அவள் காலை நீட்டி உட்கார அந்த வீட்டில் ஓர் இடம் இல்லை.

அந்த இடம் பக்கத்து ஊரான காரைதீவில் இருந்தது. தர்சிகாவின் வீட்டில்.

தர்சிகா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பல வருடங்களுக்கு முன்பு சட்டை தைக்கக் கொடுத்து, கழுத்து இறங்கிவிட்டது என்று சண்டை பிடிக்க வந்தவள். சண்டை முடிய இருட்டிவிட்டது. சுல்பிகா சாப்பிடவைத்து அனுப்பினாள். அன்றிலிருந்து அவர்கள் கூட்டாளிகள். தர்சிகாவின் புருஷன் கட்டாரில் வேலை. மகள் இப்போது யாழ்ப்பாணத்தில் கெம்பஸ் படிக்கிறாள். பின்னேரமானால் சுல்பிகா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். தேத்தண்ணீர், ஊர்க்கதை, அசர் தொழுகை. அவளுக்கென்று ஒரு தொழுகைப் பாயை தர்சிகா அலுமாரியில் சேலைகளுக்கு மேலே மடித்து வைத்திருந்தாள். பாங்கு சொன்னதும் ஜன்னலோரம் அதை அவளே விரித்துவிடுவாள்.

அப்படிப்பட்டவள் போன மாதம் சொன்னாள்: “தனியா இரிக்க ஏலா சுல்பிகா. ராவானா ஊடு மூச்சு பேச்சு இல்லாமக் கிடக்கு. எனக்கொரு துணை வேணும். நாய்க்குட்டி ஒண்டு எடுக்கப் போறன்.”

துணை! அப்ப நான் ஆரு என்று சுல்பிகா கேட்கவில்லை. தேத்தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டாள்.

நாயின் வாய்நீர் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரில். உடுப்பில் அதன் முடி ஒட்டியிருந்தால் தொழுகை இல்லை. சின்ன வயதில் ஓதிக்கொடுத்தவர் சொன்ன பாடம். நாய் ஓடித் திரியும் வீட்டில் அவள் எங்கே பாய் விரிப்பது? தொழ முடியாத வீட்டில் எத்தனை நாள் பின்னேரம் இருப்பது? ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதைதான். ஒட்டகம் உள்ளே, அவள் வெளியே.

“நாயக் குளிப்பாட்டி நடுவூட்டுல வெச்சாலும் அதுட புத்தி போகாதுகா,” என்று மட்டும் சொல்லிப் பார்த்தாள்.

“சின்ன ஜாதி புள்ள. முடி கொட்டாதாம்,” என்றாள் தர்சிகா, போனைத் தடவியபடி. அந்தப் போனில் முந்தியெல்லாம் சுல்பிகாவின் பேரனுடைய படங்களைப் பார்ப்பாள். இப்போது முழுக்க நாய்.

இதில் கொடுமை என்னவென்றால், தர்சிகாவுக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரியாது. தன் விரலே தன் கண்ணைக் குத்துவது என்பார்களே, அதுபோல அந்தக் குட்டியைப் பார்க்க அவளை ஏற்றிக்கொண்டு போனதும் சுல்பிகாதான்.

பாண்டிருப்பில் ஒரு வீடு. லோஜினி என்ற பெண் வீட்டிலேயே நாய் வளர்த்துக் குட்டி கொடுப்பவள். காரைதீவிலிருந்து சாய்ந்தமருது, கல்முனை பஜார் தாண்டிப் போகும்வரை தர்சிகா வழக்கம்போல சுல்பிகாவின் தோளைப் பிடித்திருந்தாள். வாய் மட்டும் குட்டியைப் பற்றியே கதைத்தது. ஹோர்ன் அடிக்கத் தேவையில்லாத இடங்களிலும் சுல்பிகா அடித்தாள்.

லோஜினியின் விறாந்தையில் மூன்று குட்டிகள் உருண்டன. எல்லாம் ஷிட்சு என்ற சின்ன ஜாதி. தாய் நாய் ஒரு சாக்கில் படுத்திருந்தது. சுல்பிகா அபாயாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கதிரையில் காலைத் தூக்கி வைத்தாள்.

மாப்பிள்ளை பார்க்கப் போனால் ஊரில் அவளைத்தான் கூட்டிப் போவார்கள். குறை பிடிப்பதில் அவளை வெல்ல ஆளில்லை. அந்தத் திறமை எல்லாம் அன்று வெளியே வந்தது. ஒன்றுக்கு மூக்கே இல்லை என்றாள். ஒன்று நொண்டுகிறது என்றாள்; அது கால் தடுக்கி விழுந்தது, அவ்வளவுதான்.

தர்சிகா காதில் வாங்கவில்லை. லோஜினியைத்தான் துருவித் துருவிக் கேட்டாள். நெசமா முடி கொட்டாதா? துணியில ஒட்டாதா? ஆள் மேல பாயுமா?

“கொட்டுறது நல்லாக் குறைவு டீச்சர். ஆனா கொட்டாத முடி சடை பிடிக்கும். ஒவ்வொரு நாளும் சீவணும். ஊட்டுல ஆருக்கும் இழுப்பு வருத்தமா?”

“இல்ல,” என்றாள் தர்சிகா. பிறகு குட்டிகளோடு கொல்லைப் பக்கம் போய் மணலில் உட்கார்ந்துவிட்டாள். மடியில் ஒவ்வொன்றாய் வைத்து, கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள். பேரப்பிள்ளையைக் கொஞ்சுவதுபோல ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சுல்பிகாவின் பொறாமை தலைக்கேறிவிட்டது.

“தங்கச்சி, ஒரு கதை,” என்றாள் லோஜினியிடம், குரலைத் தாழ்த்தி. “அவ பள்ளிக்கூடம் போனா மறுகா ரெண்டரைக்குத்தான் வருவா. பகல்ல அது ஆளில்லாத ஊடு. போன வருசம் மீன் வளத்தா. அத்தனையும் செத்துப் போச்சு. பாவம் இந்தக் குட்டி.”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. ஆனால் லோஜினியின் முகம் மாறியது. சுல்பிகாவுக்கு மனம் குளிர்ந்தது.

தர்சிகா திரும்பி வந்தாள். கையில் மூன்றிலும் அழகில்லாத குட்டி. மண்ணிறம், ஒரு காது மடிந்தது.

“இதையா?” என்றாள் லோஜினி. “வெள்ளையத்தானே எல்லாரும் கேக்கிற.”

“வெள்ளை கையெல்லாம் நக்குது. மத்ததும் அப்பிடித்தான். இது மணந்து பாத்திட்டுச் சும்மா இரிக்கி, நக்கல்ல.” தர்சிகா சுல்பிகாவைச் சுட்டிக் காட்டினாள். “இவ அசர் தொழுற என்ட ஊட்டுல. எச்சில் பட்டா, முடி ஒட்டினா இவக்குத் தொழ ஏலா. அதுக்குத்தான் முடி கொட்டாத ஜாதியாத் தேடின. பாய் விரிக்கிற அறைக்கு ஆசாரியிட்டச் சொல்லி இடுப்பளவு கதவு ஒண்டும் போட்டிட்டன்.”

சுல்பிகா தூக்கி வைத்திருந்த காலை மெல்லக் கீழே இறக்கினாள். ஒரு மாதமாக அவள் எரிந்துகொண்டிருந்தபோது, அந்தப் பாவி மகள் அவளுக்காக நாய்களின் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“குறை நினைக்காதீங்க டீச்சர்,” என்றாள் லோஜினி. “பகல்ல ஆளில்லாத ஊட்டுக்கு நான் குட்டி குடுக்கிற இல்ல.”

“ஆளில்லையெண்டு ஆர் சொன்ன?”

 லோஜினியின் கண் சுல்பிகாவின் பக்கம் போய்விட்டது. தர்சிகாவும் பார்த்தாள். குட்டியை அணைத்திருந்த கை கொஞ்சம் இறுகியது.

வாயை மூடிக்கொண்டால் போதும். குட்டி இங்கேயே நிற்கும். ஜன்னலோரம் பழையபடி அவளுக்கே. சுல்பிகா அதை நினைக்காமல் இல்லை.

“நான்தான் சொன்னன்,” என்றாள். “எரிச்சல்ல சொன்னன். இவட மீன் செத்த கதையும் பொய். தங்கச்சி, பகல்ல ஆள் இருக்கு. மத்தியானம் லுஹர் தொழுதிட்டு நான் போவன். சாப்பாடு, தண்ணி வெச்சிட்டு, இவ வரும்வரை இருப்பன்.”

லோஜினி அவளுடைய அபாயாவையும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். “நாயை நீங்களா?”

“ஓம், நான்தான். படைச்ச றப்பு பாத்துக்கொண்டிருக்கான், பொய் சொல்லல்ல.”

திரும்பும்போது பின் சீட்டில் தர்சிகா, மடியில் குட்டியின் கூடை. அவளுடைய இரண்டு கையும் கூடையில், சுல்பிகாவின் தோளில் ஒன்றுமில்லை.  சாய்ந்தமருதில் தெரிந்தவர்கள் கூடையையும் சுல்பிகாவையும் பார்த்து வாயில் கை வைத்தார்கள். அதெல்லாம் அவளுக்கு உறைக்கவில்லை. தோள்தான் வெறுமையாய் இருந்தது.

“என்ட மீன் எப்படி செத்த?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “அது ஒன்ட மருமகன்ட தொட்டியெல்லுவா?”

“ஓம்.”

“அந்த மீனாவது செத்ததா?”

“இல்ல. நல்லாத்தான் நீந்துது.”

தர்சிகா சிரிக்கவில்லை. ஆனால் வேகத்தடையில் ஸ்கூட்டி ஏறி இறங்கியபோது ஒரு கை வந்து தோளைப் பிடித்தது. பிறகு எடுக்கவில்லை.

சுல்பிகா சொன்ன சொல் தவறவில்லை. ஒவ்வொரு பகலும் போனாள். நீளக் கைபிடி வைத்த சீப்பொன்று வாங்கி, எட்ட நின்று சடை எடுத்தாள். “எட்ட நில்லு, எட்ட நில்லு” என்று அதட்டி அதட்டியே சோறு வைத்தாள். குட்டி அதையே தன் பெயர் என்று எடுத்துக்கொண்டதோ என்னவோ, அந்த அதட்டலைக் கேட்டால்தான் ஓடி வரும்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு பின்னேரம் அவள் சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பினாள். இடுப்பளவு கதவுக்கு அந்தப் பக்கம் குட்டி அவளையே பார்த்தபடி படுத்திருந்தது. தர்சிகா பிஸ்கட்டைக் காட்டிக் கூப்பிட்டாள். அது திரும்பியும் பார்க்கவில்லை.

“ராவு முழுக்க என்ட கட்டிலுக்குக் கீழதான் படுக்கிற,” என்றாள் தர்சிகா. “ஒன்ட ஸ்கூட்டிச் சத்தம் கேட்டா நான் ஆரெண்டே தெரியா. நீ ஒரு நாளும் அதைத் தொட்டதில்ல, தூக்கினதில்ல. என்னகா செய்து வெச்சிரிக்கிற நீ?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் அந்தக் குரலைச் சுல்பிகாவுக்கு நன்றாகத் தெரியும். குட்டி வருமுன் அவளே வைத்துக்கொண்டு திரிந்த குரல் அது.

பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அல்லாஹ் பொறுத்துக்கொள்ளட்டும், அவளுக்குச் சந்தோஷமாயிருந்தது. பாயை மடித்து தர்சிகாவின் கையில் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்து, “எட்ட நில்லு” என்றாள். குட்டி வாலை ஆட்டிக்கொண்டு எழுந்தது.