ஸ்டெல்லாவின் விரல் மேல் நான் போட்ட பழி

என் மனைவியின் விரல்கள் மேல் பொய்ப் பழி போட்டேன். தெரிந்தே போட்டேன்.

யுகுலேலே, அதுதான் அந்த நாலு கம்பிக் குட்டிக் கிட்டார், கற்றுக்கொள்பவருக்கும் நல்லதாகவே வேண்டுமா என்று கேட்கிறீர்கள். திண்டிவனத்தில் எங்கள் மாதா கோயில் பாடற்குழுவில் கிட்டார் வாசிப்பவன் நான் என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள். கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டுவிட்டீர்கள்!

என் மனைவி ஸ்டெல்லாவுக்கு யுகுலேலே விழுப்புரத்தில் வாங்கினோம். கடையில் நான்தான் பொறுக்கினேன். ஈஸ்டர் முடிந்ததும் பழக ஆரம்பித்தாள். நான் ஒரு வருடம் தடவித் தடவிக் கற்ற பாடல்களை மழைக்காலத்துக்குள் வாசித்தாள்.

"அண்ணே, அண்ணி உன்னத் தூக்கி சாப்ட்டுடுவாங்க போல!" என்றான் கீபோர்டு வாசிக்கும் சேவியர்.

சிரித்தேன். உள்ளே எரிந்தது… பெண்டாட்டி மேல் பொறாமைப்படுவானா ஒருவன்? பட்டேன்.

சில இடங்களில் மட்டும் அவளுக்குச் சுருதி பிசகியது.

"என்னங்க, அழுத்துனா வேற மாதிரி கத்துது. இதுலதான் எதுனா கோளாறோ? வேற வாங்கிக்கலாமா?"

அவள் கடைக்குப் போயிருந்தபோது எடுத்து வாசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. சும்மா மீட்டினால் சுருதி நின்றது. தலைப்பக்கம் விரல் வைத்து அழுத்தினால் ஏறிவிட்டது. கம்பிகள் அங்கே உயரமாக இருந்தன. கருவியின் குறை அது. கிட்டார்காரனுக்குத் தெரியாமல் இருக்குமா?

அவள் திரும்பி வந்ததும் போனில் சுருதி பார்க்கும் ஆப்பைத் திறந்து நீட்டினேன். ஒவ்வொரு கம்பியாகச் சும்மா தட்டினேன். ஒன்றைக்கூட அழுத்தவில்லை.

"பாரு, எல்லாம் பச்ச எரியுது. பொருள் நல்லாத்தான் இருக்குது. உன் விரலுதான் வரல."

நம்பினாள். நான் சொன்னால் நம்பாமல் வேறு யாரை நம்புவாள்?

இன்னும் பலமாக அழுத்தினாள். அழுத்த அழுத்தச் சுருதி இன்னும் ஏறியது… விரல் நுனி வெடித்தது. மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தாள். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

கிறிஸ்துமஸ் பூசையில் ஒரு பாட்டைத் தனியாக வாசித்துப் பாடினாள். அவள் குரல் ஒரு பக்கம் போனது, கம்பி ஒரு பக்கம் போனது. பாதியில் நிறுத்தி, மறுபடி ஆரம்பித்து, முடித்தாள்.

வெளியே வந்ததும் சேவியர் ஆரம்பித்தான். "குடில்ல நிக்கிற பொம்ம மாடே மெரண்டுடுச்சு அண்ணி!"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் விளையாட்டுப் பையன், அவன் மேல் தப்பில்லை. நானும் சிரித்தேன். சத்தமாக! அவள் என்னை மட்டும்தான் பார்த்தாள்.

"இவரு அப்பவே சொன்னாரு சேவியரு, எனக்கு விரலு வரலன்னு. நான்தான் கேக்கல" என்றாள்.

அதோடு விட்டுவிட்டாள். வாசிப்பை மட்டுமா? பாடற்குழுவுக்கே வருவதில்லை. பூசையில் எல்லோரும் சேர்ந்து பாடும்போதும் அவள் உதடு அசைவதில்லை. குழுவோடு நின்று கிட்டார் வாசிக்கிறேன்… என் கண் அவள் வாய்க்கே போகிறது.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். உசந்த மரம், பெரிய பேர் எல்லாம் வேண்டாம். அழுத்தினாலும் சுருதி நிற்கிற ஒன்று வேண்டும். அது இல்லாமல் பழகச் சொல்கிறவன், கற்க வந்தவரைத் தன்னையே சந்தேகப்படச் சொல்கிறான்.

போன மாதம் நல்லதாக ஒன்று வாங்கி வந்தேன். ஒவ்வொரு கட்டமாக அழுத்திப் பார்த்துத்தான் வாங்கினேன். அவள் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கம்பியைக்கூடத் தட்டவில்லை.

"எதுக்குங்க இதெல்லாம்? எனக்குத்தான் விரலு வராதே. கத்துக்கிற புள்ளைங்க யாருக்குனா குடுங்க."

கோபமில்லை, குத்தலும் இல்லை. தன் உயரத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

உண்மை தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்தேன்…

"சரி, குடுத்துடறேன்" என்றேன்.