இன்னும் ஒன்பது மணி நேரம்

டொரன்டோவிலிருந்து சென்னைக்குப் பதிமூவாயிரம் கிலோமீட்டர். நடுவே பிராங்பர்ட்டில் விமானம் மாற வேண்டும். எல்லாம் சேர்த்து இருபது மணி நேரம். அண்ணன் அங்கே வேலைக்குப் போன புதிதில் அப்பா இதையெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டார். டவுன் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். "ஆத்திர அவசரத்துக்கு வர முடியாத ஊரு" என்று மட்டும் சொன்னார்.

போன ஐப்பசியில் அவருக்கு மூளையில் ரத்தக் கசிவு. வேலூர் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் கிடைத்த டிக்கெட்டைப் போட்டான். மறுநாள் காலை ஆறு மணிக்கு, சேவூர் வீட்டில் அப்பாவின் மூச்சு நின்றது. நாங்கள் அழக்கூட ஆரம்பிக்கவில்லை. டொரன்டோ ஏர்போர்ட்டிலிருந்து அண்ணனின் போன் வந்தது.

"பாப்பா, ஃபிளைட் ஏறப்போறேன். அப்பா இன்னா பண்றாரு?"

சொல்லாதே என்று மாமா கையை ஆட்டினார்.

"தூங்கினு இருக்காரு. நீ ஏறுண்ணா."

"அவ்ளோ தூரம் தனியா உக்காந்துகினு வரணும். சொல்லிட்டா அவன் இன்னா ஆவான்?" என்றார் மாமா. எனக்கும் அது சரியென்றே பட்டது.

மதியம் இரண்டு மணிக்கு பிராங்பர்ட்டிலிருந்து பேசினான். போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடினேன். "அப்பா காதாண்ட போன வை. நான் பேசணும்" என்றான். எவ்வளவோ சாக்குச் சொன்னேன். கேட்கவில்லை.

உள்ளே வந்து பெண்களை வாய் மூடச் சொல்லிச் சைகை காட்டினேன். சாவு வீடென்று எதிர்வீட்டுத் தறிகளும் அன்று ஓடவில்லை. ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடி மேல், அப்பாவின் தலைக்கு நேராகப் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டேன்.

"அப்பா, நாந்தான். ஜெர்மனி வந்துட்டேன். இன்னும் ஒம்போது மணி நேரந்தான் ஃபிளைட்டு. பொறுத்துக்கோப்பா. வந்துட்றேன்."

அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"கேட்டுதா அவருக்கு?"

"கண்ணு லேசா அசஞ்சிதுண்ணா."

அப்படிச் சொல்லும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை.

விடியும்போது கார் தெருமுனைக்கு வந்தது. பந்தலைப் பார்த்ததும் அங்கேயே இறங்கி நடந்து வந்தான். அவன் அழவில்லை. எடுத்து முடிந்து மூன்றாம் நாள்தான் என்னிடம் கேட்டான்.

"எப்ப போனாரு?"

"நீ ஏறுறதுக்கு முன்னாடியே."

"கண்ணு அசஞ்சிதுன்னியே."

காரியம் முடியும்வரை இருந்தான். எல்லோரிடமும் பேசினான். நான் சோறு போட்டால் சாப்பிட்டான், அவ்வளவுதான். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் போனுக்குக் கூப்பிடுவான். நான் எடுத்தால், "அம்மாவாண்ட குடு."

எதற்கு இவ்வளவு கோபம் என்று ஒருநாள் அம்மா அவனிடம் கேட்டாளாம். அப்பா கண்ணசைத்தார் என்ற நிம்மதியில், அந்த ஒன்பது மணி நேரமும் நன்றாகத் தூங்கிவிட்டேன் என்றானாம்.