தில்லையம்மாள் வண்டியில் பச்சை விளக்கு

வைத்திக்குப்பத்துத் தில்லையம்மாளுக்கு ஒரே ஆசைதான். கடற்கரைச் சாலையில் சிப்பி மாலை விற்க, போலீஸ்காரன் விரட்டாத ஓரிடம் வேண்டும். புருஷன் கடலோடு போன பிறகு அந்தத் தள்ளுவண்டிதான் பிழைப்பு. போலீஸ் தலை தெரிந்தால் பக்கத்து வண்டிச் சின்னக்கண்ணு, “வரான்டி” என்பாள். தில்லையம்மாள் அடுத்த வண்டிக்குச் சொல்லுவாள். கண்மூடித் திறப்பதற்குள் குப்பத்து வண்டிகள் ஏழும் சந்துக்குள் போய்விடும்.

இரண்டாயிரத்து ஏழில் முருகையன் என்ற காலேஜ் வாத்தியார் வந்து ஏழு வண்டியிலும் சோப்பு டப்பா அளவில் ஒவ்வொரு பெட்டி கட்டினார். கம்பியும் இல்லை, கோபுரமும் இல்லை. சாலையின் தென்கோடியில் அவர் கம்ப்யூட்டர். அது சொல்வதை ஒரு பெட்டி வாங்கிப் பக்கத்து வண்டிப் பெட்டிக்குக் கொடுக்கும். அப்படியே கைமாறி, வடகோடியில் நிற்கும் டூரிஸ்ட் கைக்கருவியில் பழைய கலங்கரை விளக்கத்தின் கதை பிரெஞ்சில்கூட வந்துவிடும். பக்கத்தில் இன்னொரு பெட்டி இருந்தால் பச்சை விளக்கு, இல்லாவிட்டால் சிவப்பு.

“பெரிய அதிகாரி பாக்க வராரும்மா. புடிச்சுப்போச்சுன்னா பெட்டி வச்சிருக்கவங்களுக்கு நிரந்தரமா எடம் குடுப்பாங்க” என்றார் வாத்தியார்.

அதிகாரி வருகிற நாள் பார்த்துக் கோவிந்தராசு செத்துப்போனார். தில்லையம்மாள் புருஷனின் உடம்பை அலையோடு மல்லுக்கட்டிக் கரைசேர்த்த மனுஷன். குப்பத்தில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை ஒருத்தரும் தொழிலுக்குப் போகக் கூடாது. ஆறு வண்டிகள் அசையவில்லை. இவள் வண்டியை எடுத்தாள்.

சின்னக்கண்ணு கையைப் பிடித்தாள். “பொணம் கெடக்குது, எங்கடி கெளம்பிட்ட?”

“சுருக்க வந்துடுறேன்க்கா. எடம் கெடைக்கிற நேரம்.”

“அவரு இல்லன்னா ஒம் புருஷன் மொகத்தையே பாத்திருக்க மாட்ட.”

தெரியாதா அவளுக்கு? ஆனாலும் தள்ளிக்கொண்டு போய்விட்டாள், பாவி மகள். தன் பெட்டி ஒன்று போதும் என்று நினைத்துவிட்டாள்.

வடகோடியில் தன்னந்தனியாக நின்றாள். விளக்கு சிவப்பு. அதிகாரி கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் எழுத்துகூட வரவில்லை. ஊரில் சாவு என்று வாத்தியார் கெஞ்சியது காதில் ஏறவில்லை. ஜீப் கிளம்பிவிட்டது. அவர் அப்புறம் வரவே இல்லை.

“எம் பெட்டி நல்லாத்தானே இருக்குது சார்?”

“நல்லாத்தாம்மா இருக்கு. பக்கத்துல யாருமே இல்லியே.”

ஓடி வந்து பார்த்தால் பிணம் எடுத்தாகிவிட்டது. பெண்கள் தெருவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் இவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. யாரை நோவது?

மறுநாள் ஏழு வண்டியும் கடற்கரைக்கு வந்தன. தில்லையம்மாள் பெட்டியில் பச்சை எரிந்தது.

“சில்லறை இருக்காக்கா?” என்றாள்.

சின்னக்கண்ணு கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். தில்லையம்மாள் தலையைக் குனிந்து மாலை கோக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் பெட்டியில் பச்சை போய்ச் சிவப்பு வந்தது. என்னவென்று நிமிர்வதற்குள் லத்தி வண்டிமேல் விழுந்தது.