அந்தோணி தலையாட்டினார்

போன செவ்வாய்க்கிழமை காலை. என் மகள் மைதிலி, சமையலறைத் தராசில் உள்ளங்கை அளவு ஃபைபர் துண்டு ஒன்றை வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

காரணம் இருக்கிறது.

மைதிலிக்கு இன்ஜினீயரிங் கடைசி வருஷம். நண்பர்களோடு சேர்ந்து போட்டிக்காக ஒரு குட்டி விமானம் செய்கிறாள். அதன் உடலை வார்ப்பது அரியமங்கலத்தில் ஃபைபர் பட்டறை வைத்திருக்கும் அந்தோணி. எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் அவர் கைவண்ணம்தான். போட்டியில் எடை கொஞ்சம் கூடினாலும் பறக்க விடமாட்டார்கள். போன வருஷம் எடை மேசையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள்.

இந்த வருஷம் ஒரு வாரம் விவாதம் – ஜெல்கோட்டா, பெயின்ட்டா? ஜெல்கோட் என்பது ஃபைபரின் மேற்புறத்தில் வரும் பிசின் பூச்சு; பளபளக்கும், ஆனால் தடிமன், கனம். பெயின்ட் லேசு. ஆனால் முதலில் ஃபைபரில் இருக்கும் ஊசித் துளைகளைப் பட்டி வைத்து அடைத்து, கையால் தேய்க்க வேண்டும். மைதிலி பெயின்ட் என்று முடிவு செய்தாள்.

நான் சும்மா இருந்தேனா?

பாத்திரம் வாங்கினாலும் கையில் தூக்கிப் பார்த்து, கனமாக இருந்தால்தான் நல்லது என்று நம்புகிற பரம்பரை நாம். திங்கட்கிழமை பட்டறைப் பக்கம் போனவன், அந்தோணியிடம் சொன்னேன்: "சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்? ரெண்டு கோட் ஜெல்கோட் தாராளமா போட்டுடுங்க. நாலு பேர் பாக்கணும்ல!"

அவர் தலையாட்டினார். பெருமையோடு திரும்பினேன்.

மறுநாள் காலைதான் தராசு. "இந்த சாம்பிள் துண்டு ரெண்டும் ஒரே அளவுப்பா. ஜெல்கோட் போட்டது எவ்வளவு கனம் பாருங்க! இதை மட்டும் போட்டிருந்தா இந்த வருஷமும் அவுட்டு."

சுரண்டி எடுத்துவிடலாமே என்றேன், ஈனஸ்வரத்தில்.

"எப்படிப்பா? அச்சுக்குள்ள முதல்ல அதைத்தான் பூசுவாங்க. அதுக்கு மேலதான் ஃபைபர் துணி. ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கும்."

பொட்டை வைத்துவிட்டுப் பிறகு முகம் செய்கிற மாதிரி... இதை எனக்கு யார் சொன்னார்கள்? உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. அந்தோணி போனை எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தில் பறந்தேன். அன்றைக்கென்று பார்த்து அத்தனை டிராஃபிக்.

பட்டறை வாசலில், அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்த விமானம் வெயிலில் கிடந்தது. மங்கிய நிறம். உடம்பெல்லாம் ஊசித் துளை. அவ்வளவு அழகான அசிங்கத்தை நான் பார்த்ததே இல்லை!

"ஜெல்கோட் போடலையா?"

"போடலை சார்."

"நான் சொன்னேனே?"

"சொன்னீங்க. தண்ணித்தொட்டின்னா நீங்க சொல்றதைக் கேப்பேன். இது பாப்பாவோட பிளேன்." சுவரைக் காட்டினார். மைதிலியின் கையெழுத்து: 'பெயின்ட் மட்டும். அப்பா வந்து ஏதாவது சொன்னா கேக்காதீங்க.'

கோபம் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. உப்புத்தாள் ஒன்றை வாங்கி, அவர் பட்டி வைத்து அடைத்த துளைகளை மாலைவரை தேய்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை எடை மேசையில் இருந்தவர் முள்ளைப் பார்த்தார். "ஓகே... அடுத்த டீம்!" மைதிலி கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தாள். அந்தோணி எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

தலையாட்டுகிறவர்கள் எல்லாரும் நாம் சொன்னதைச் செய்துவிடுவதில்லை – நல்ல வேளை!