முனியம்மா குடித்த தேத்தண்ணீர்

நான் தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதுபவன். பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் வாசித்துக்கொண்டிருந்தேன். "முனியம்மா" என்றேன். கங்காணி பக்கத்தில் வந்து, "விடியக்காலையில செத்துப் போய்ட்டா கிராணியாரே. அவ மர நெரைக்கு யாரப் போடுறது?" என்றார். எனக்கு வாயெல்லாம் கசந்தது. ஆனாலும் யாரோ ஒருவரைப் போடச் சொல்லிவிட்டு அடுத்த பெயரை வாசித்தேன்.

கருமாதியன்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, மஸ்ஜித் தானா டவுன் கடையிலிருந்து ஒரு பெட்டி தேயிலை வாங்கி அனுப்பியிருந்தார். அதில் போட்ட தேத்தண்ணீரை உறிஞ்சிக் குடித்துக்கொண்டே, முனியம்மா பொறுமைசாலி, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். அவரை அறிந்தவர்களே, அந்தப் பொறுமை எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியாதா?

ரப்பர் மரப் பட்டையைக் கீறி வெட்டி முடித்து, மங்குக் கிண்ணங்களில் பால் வடிந்து சேரும்வரை கொஞ்ச நேரம் கிடைக்கும். அப்போது முனியம்மா மூன்று கல் கூட்டி, இஞ்சி தட்டிப் போட்டு, தகர டின்னில் தேத்தண்ணீர் கொதிக்க வைப்பார். கங்காணி அவர் தாயை இழுத்துத் திட்டிய ஒரு நாள் நான் அந்தப் பக்கம் போனேன். பால் வெட்டும் கத்தியைக் கையிலேயே வைத்திருந்தார். "இத ஒரு மடக்கு குடிச்சாத்தான் கத்தியக் கீழ வைக்க மனசு வருது, கிராணியாரே," என்றார். வேடிக்கைப் பேச்சென்று சிரித்துவிட்டுப் போனேன்.

துரை எல்லார் முன்னாலும் என்னைக் கழுதை என்று ஏசிய அன்று, கேட்காமலே எனக்கும் ஊற்றிக் கொடுத்தார். "மொதல்ல குடிங்க. பதில அப்புறம் யோசிக்கலாம்." குடித்தேன், படபடப்பு அடங்கியது. நேரே ஆபீசுக்குப் போய்த் துரைக்குக் கும்பிடு போட்டேன். சீ, என்ன பிழைப்பு.

ரப்பர் விலை விழுந்து பாதிப் பேரை ஊருக்குக் கப்பலேற்றினார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு ஆள் வெட்டும் மரம். முனியம்மாவுக்குக் குன்றின்மேல் நெரை போட்டார்கள். ஒரு நாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "நெஞ்ச அடைக்குதுங்க. கீழ் நெரைக்கு மாத்தி விடுங்க, ஒரு மாசம் போதும்."

துரையிடம் கேட்க எனக்குப் பயம். அதை மறைக்க, "போயி ஒரு தேத்தண்ணி போட்டுக் குடிலா, சரியாப் போயிடும்," என்றேன். கங்காணி சிரித்தார்.

"சரிங்க," என்று முனியம்மா குன்றுக்கு நடந்தார்.

உயிரோடிருந்தவரை நான் 'நீ' என்று கூப்பிட்டவருக்கு இப்போது 'அவர்' போட்டு எழுதுகிறேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்தச் 'சரிங்க' ஒன்றுதான். அதற்குப் பிறகு, சாகும்வரை, ஒன்பது நாள் குன்றேறினார். ஒன்பது நாளும் பெரட்டுப் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே 'வந்தாள்' என்று என் கையால்தான் எழுதினேன்.